வீட்டுக் கோப்பு யார் கையில்? இங்கிலாந்தில் கன்வேயன்சரைத் தேர்ந்தெடுக்கும் முறை

இங்கிலாந்தில் வீடு வாங்க நினைக்கும் குடும்பங்கள் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், கோயில் என்று ஒவ்வொன்றின் தூரத்தையும் பார்த்து, வார இறுதிகளில் வீடு வீடாக ஏறி இறங்கி, மோர்ட்கேஜ் வட்டியில் கால் சதவீத வித்தியாசத்துக்காகப் பல வங்கிகளை விசாரிக்கின்றன. விலை பேசி முடிந்ததும், "உங்கள் சொலிசிட்டர் யார்?" என்று எஸ்டேட் ஏஜென்ட் கேட்கும்போது மட்டும், அவரே தரும் பெயரையோ உறவினர் ஒருவர் சொல்லும் பெயரையோ அன்றைக்கே ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. அந்தப் பெயருக்கு உரியவர்தான் அடுத்த சில மாதங்களில் உங்கள் சேமிப்பு முழுவதையும் தம் அலுவலகக் கணக்கில் வாங்கி வைத்து, வீட்டின் உரிமையில் வில்லங்கம் உண்டா என்று சோதித்து, உங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை முடித்துத் தரப்போகிறவர். வீட்டு உரிமையைச் சட்டப்படி மாற்றித் தரும் இவரையே கன்வேயன்சர் என்கிறோம். அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிப்பது வீண் அல்ல.

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வீடு கைமாறும் சட்டமுறை வேறு. அங்கே வாங்குகிறவர்கள் அந்தந்தப் பகுதியின் சொலிசிட்டரையே அமர்த்த வேண்டும்.

இலங்கையில் காணி வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு நொத்தாரிசு உறுதி எழுதி முடிக்கும் முறை பழக்கமானது; தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பத்திர எழுத்தரும் சார்பதிவாளர் அலுவலகமும் நினைவுக்கு வரும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளிடம் போய்க் காரியத்தை முடித்துக்கொள்வது அங்கே புதிதல்ல. இங்கே அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். வாங்குகிறவருக்கு ஒருவர், விற்கிறவருக்கு வேறொருவர் என்பதே இங்குள்ள நடைமுறை. இருவருடைய நலனும் மோதக்கூடும் என்பதால், இரு தரப்புக்கும் ஒரே நிறுவனம் வேலை செய்வதற்கு விதிகள் கடுமையான வரம்பு விதிக்கின்றன. "இரண்டு பக்கத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன், செலவு குறையும்" என்று யாராவது சொன்னால், மறுத்துவிடுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

யார் இந்த வேலையைச் செய்யலாம்

கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்காக வீட்டு உரிமை மாற்றத்தைச் செய்து தரும் உரிமை நெடுங்காலம் பெரும்பாலும் சொலிசிட்டர்கள் கையில் மட்டுமே இருந்தது. 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்று அந்தத் தனியுரிமையை முடித்து, உரிமம் பெற்ற கன்வேயன்சர் என்ற புதிய தொழில்முறையை உருவாக்கியது. சொலிசிட்டர்களை எஸ்.ஆர்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி கண்காணிக்கிறது. உரிமம் பெற்ற கன்வேயன்சர்களை சி.எல்.சி. என்ற கவுன்சில் ஃபார் லைசென்ஸ்ட் கன்வேயன்சர்ஸ் கண்காணிக்கிறது. இரு வகையினரும் தேர்வு எழுதித் தகுதி பெற்றவர்கள், இரு வகையினரும் தொழில் தவறுகளுக்கான காப்புறுதி வைத்திருக்க வேண்டியவர்கள். சாதாரணமாக ஒரு வீட்டை வாங்கவோ விற்கவோ இவர்களில் யாரை அமர்த்தினாலும் குறைவில்லை. வீட்டு வேலையை மட்டுமே நாள்தோறும் செய்யும் கன்வேயன்சர், பல துறை வழக்குகளுக்கு நடுவே வீட்டையும் பார்க்கும் சொலிசிட்டரைவிடத் தேர்ந்தவராக இருக்கலாம்.

ஆனால் விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது, சகோதரர்களுக்குள் பங்குத் தகராறு இருக்கிறது, அண்டை வீட்டாரோடு எல்லை வழக்கு இருக்கிறது என்றால், நீதிமன்ற வேலையையும் கவனிக்கும் பிரிவு உள்ள சொலிசிட்டர் நிறுவனத்தையே நாட வேண்டும். பாதியில் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் கோப்பை மாற்றுவது பணத்தையும் நேரத்தையும் இருமடங்காகத் தின்னும்.

யார் பெயரைக் கேள்விப்பட்டாலும் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பெயர் எஸ்.ஆர்.ஏ.யின் பதிவேட்டிலோ சி.எல்.சி.யின் பதிவேட்டிலோ இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுவனத்தின் பெயரை மட்டும் அல்லாமல், உங்கள் வேலையைச் செய்யப்போகிற ஆளின் பெயரையும் தேட வேண்டும்; அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் அதையும் அந்த அமைப்புகள் வெளியிடுகின்றன. பதிவேட்டில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களுக்குக் கிடைத்தவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடிப் போலி அலுவலகம் நடத்தியவர்கள் உண்டு.

மோர்ட்கேஜ் எடுத்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். கடன் தரும் வங்கி தனக்காகவும் உங்கள் கன்வேயன்சரையே வேலை செய்யச் சொல்வது வழக்கம். அதற்கு அவர் அந்த வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி தன் பக்கத்துக்குத் தனியாக ஒருவரை அமர்த்தும், அந்தச் செலவும் தாமதமும் உங்கள் தலையில் விழும். சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி நடத்தும் கன்வேயன்சிங் தரத் திட்டத்தில் சேர்ந்திருப்பதைப் பல வங்கிகள் சொலிசிட்டர் நிறுவனங்களிடம் எதிர்பார்க்கின்றன. அந்த முத்திரை இருப்பது நல்லது. ஆனால் அது நிறுவனத்துக்குத் தரப்பட்டதே தவிர, உங்கள் கோப்பைப் பிரிக்கப்போகிற ஆளுக்குத் தரப்பட்டதல்ல.

முகவர் தரும் பெயர்

எஸ்டேட் ஏஜென்ட் ஒரு கன்வேயன்சரின் பெயரைச் சிபாரிசு செய்யும்போது, பெரும்பாலும் அதற்காக அவர் அந்த நிறுவனத்திடமிருந்து பணம் பெறுகிறார். இது சட்டவிரோதம் அல்ல. ஆனால் எவ்வளவு பணம் கைமாறுகிறது என்பதைக் கன்வேயன்சர் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி எளியது: "என்னை உங்களிடம் அனுப்பியதற்காக யாருக்காவது பணம் கொடுக்கிறீர்களா, எவ்வளவு?" அந்தத் தொகை எங்கிருந்தோ வருவதில்லை, நீங்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தே போகிறது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. முகவர் விற்கிறவருக்காக வேலை செய்கிறவர். விற்பனை முடிந்தால்தான் அவருக்குத் தரகு கிடைக்கும். வாரத்துக்கு வாரம் அவர் அனுப்பும் வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் ஓர் அலுவலகம், "இந்த வீட்டை வாங்காதீர்கள்" என்று உங்களிடம் சொல்ல வேண்டிய நாளில் தயங்குமோ என்ற கேள்வி எழுவது இயல்பு. அப்படிப்பட்ட நிறுவனங்களிலும் நேர்மையாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் உங்களைத் தவிர வேறு யாரையும் திருப்திப்படுத்தத் தேவையில்லாத ஒருவரிடம் வீட்டை ஒப்படைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. "நாங்கள் சொல்லும் ஆளை அமர்த்தினால்தான் உங்கள் விலையை ஏற்போம்" என்று முகவர் அழுத்தம் கொடுத்தால், அதற்குக் கட்டுப்பட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. முகவர்கள் சேர்ந்திருக்க வேண்டிய குறைதீர்ப்பு அமைப்பிடம் முறையிடலாம்.

உறவினர்களும் நண்பர்களும் சொல்லும் பெயர்களுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும். "நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். எந்த ஆண்டில் வாங்கினீர்கள், அது தனி வீடா ஃபிளாட்டா, தொலைபேசியில் அவரே பேசினாரா உதவியாளர் பேசினாரா, முதலில் சொன்ன கட்டணத்துக்கும் கடைசி பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம், ஏதாவது ஓர் இடத்தில் உங்களை எச்சரித்தாரா என்று கேட்டால்தான் பயன்படும் பதில் கிடைக்கும்.

தமிழ் பேசும் சட்டத்தரணி

ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரொய்டன் போன்ற பகுதிகளில் தமிழ் பேசும் சொலிசிட்டர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் கையெழுத்திடப் போகிறார்கள், அவர்களுக்கு ஆங்கிலம் முழுமையாகப் புரியாது என்றால், தங்கள் மொழியில் விளக்கம் பெறுவது வசதி மட்டுமல்ல, தேவையும்கூட. மகன் மொழிபெயர்த்துச் சொல்ல அம்மா கையெழுத்திடுவதைவிட, சட்டம் தெரிந்தவர் அம்மாவிடம் நேரே பேசி, அவர் எதை ஒப்புக்கொள்கிறார் என்பதை விளக்குவது எவ்வளவோ மேல். வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் மோர்ட்கேஜ் வங்கிக்கு எழுதித் தரும் ஒப்புதல் கடிதம், "கடன் கட்டப்படாமல் வங்கி வீட்டை எடுத்தால் எனக்கு இங்கே இருக்க உரிமை இல்லை" என்ற பொருள் கொண்டது. அதில் கையெழுத்திடும் தாயோ தந்தையோ, பிள்ளையின் சட்டத்தரணியிடம் அல்லாமல் தனியாக ஒருவரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

ஆனால் மொழி ஒன்றே தகுதி ஆகாது. குடிவரவு வழக்குகளில் பெயர் பெற்ற ஒருவர் வீட்டு வேலையிலும் தேர்ந்தவராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஊர்க்காரர், கோயிலில் தெரிந்தவர் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் விடுவதும், பில்லில் சந்தேகம் வந்தால் மரியாதை கருதிப் பேசாமல் இருப்பதும் நம்மிடையே அதிகம். கேட்கத் தயங்கும் அளவுக்கு நெருங்கிய ஒருவரை அமர்த்தாமல் இருப்பது உறவுக்கும் நல்லது.

கட்டணத்தைப் படிக்கும் விதம்

2018 டிசம்பர் முதல், வீட்டு வேலை செய்யும் சொலிசிட்டர் நிறுவனங்கள் தங்கள் கட்டண விவரத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று எஸ்.ஆர்.ஏ. விதி சொல்கிறது, சி.எல்.சி.யும் தன் கீழ் உள்ளவர்களிடம் இதையே எதிர்பார்க்கிறது. எனவே மூன்று நிறுவனங்களின் விலையை ஒப்பிடுவது இப்போது கடினமல்ல. கடினம் எங்கே என்றால், முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள தொகை எதைச் சேர்த்தது, எதைச் சேர்க்காதது என்று கண்டுபிடிப்பதில்தான்.

செலவு இரண்டு வகை. ஒன்று கன்வேயன்சரின் உழைப்புக்கான கட்டணம், அதன்மேல் 20 சதவீதம் வாட் வரி. மற்றது அவர் உங்களுக்காகப் பிறருக்குச் செலுத்தும் பணம்: வீட்டைப் பற்றிய பதிவுகளைத் தேடி விசாரிக்கும் சர்ச்சுகள் (கவுன்சில் சர்ச், தண்ணீர் மற்றும் வடிகால் சர்ச், சுற்றுச்சூழல் சர்ச்), அரசின் நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவுக் கட்டணம் போன்றவை. இரண்டாவது வகை எல்லா நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால், ஒப்பிட வேண்டியது முதல் வகையை. மலிவான விலை காட்டும் சில இடங்களில் அந்த முதல் வகையே பல துண்டுகளாக உடைக்கப்பட்டிருக்கும்: லீஸ்ஹோல்ட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் வீட்டை வைத்திருக்கும் குத்தகை உரிமை) என்றால் கூடுதல், மோர்ட்கேஜ் இருந்தால் கூடுதல், பெற்றோர் அன்பளிப்பாகப் பணம் தந்தால் கூடுதல், லைஃப்டைம் ஐசா சேமிப்பிலிருந்து பணம் எடுத்தால் கூடுதல், வீடு வாங்கும்போது அரசுக்குச் செலுத்தும் ஸ்டாம்ப் டியூட்டி வரியின் படிவத்தை நிரப்ப ஒரு தொகை, வங்கி வழியே பணம் அனுப்ப ஒரு தொகை, அடையாளச் சோதனைக்கு ஒரு தொகை. உங்கள் நிலைமையை முழுதாக எழுதி அனுப்பி, "இவை எல்லாம் அடங்கிய கடைசித் தொகையை எழுத்தில் தாருங்கள்" என்று கேட்பதே இதற்கு வழி.

விற்பனை நடுவில் முறிந்தால் என்ன செலுத்த வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை, அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும்வரை, யாரும் விலகலாம். விலை பேசிக் கைகுலுக்கியதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. "முடியாவிட்டால் கட்டணம் இல்லை" என்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அப்போதும் சர்ச்சுக்குச் செலுத்திய பணம் திரும்பாது.

கோப்பைப் பிரிக்கும் ஆள்

விலை, முத்திரை, சிபாரிசு எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். சில பெரிய நிறுவனங்களில் நீங்கள் பேசுவது விற்பனைப் பிரிவோடு, உங்கள் கேள்விக்குப் பதில் தருவது அழைப்பு மையம், ஆவணத்தைப் படிப்பது நீங்கள் பெயரே அறியாத ஒருவர். தகுதி பெறாத உதவியாளர்கள் வேலை செய்வது தவறல்ல, மேற்பார்வை இருந்தால் போதும். ஆனால் மேற்பார்வை செய்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே அமர்த்துவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, என் கோப்பைப் பார்க்கப்போகிறவர் யார், அவர் தகுதி பெற்றவரா, அவரோடு இப்போது இரண்டு நிமிடம் பேச முடியுமா, அவர் விடுமுறையில் போனால் யார் பொறுப்பு, மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்று கேட்க வேண்டும். அமர்த்துவதற்கு முன் பதில் தரவே மூன்று நாள் எடுக்கும் அலுவலகம், அமர்த்திய பின் வேகமெடுக்காது. பேசும்போது அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். வீட்டின் விலையை மட்டும் கேட்டுக் கட்டணத்தைச் சொல்கிறவருக்கும், "ஃபிளாட்டா? லீஸில் எத்தனை ஆண்டு மீதி? பணம் எங்கிருந்து வருகிறது? வேறு எங்காவது வீடு இருக்கிறதா?" என்று கேட்கிறவருக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் தேடுவது.

வேறு நாட்டில் உள்ள வீடு

அந்தக் கடைசிக் கேள்வி தமிழ்க் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கான ஸ்டாம்ப் டியூட்டிச் சலுகை, உலகில் எங்கேயும் இதுவரை வீடு வைத்திருக்காதவர்களுக்கு மட்டுமே. யாழ்ப்பாணத்தில் மனைவியின் பெயருக்குச் சீதனமாக எழுதப்பட்ட வீடு, தந்தை இறந்தபின் பங்காக வந்த வீடு, சென்னையில் முதலீடாக வாங்கிய ஃபிளாட் எல்லாம் கணக்கில் வரும். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே முதன்முறை வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும். அதற்கு மேலும், வேறு வீடு ஒன்றை வைத்துக்கொண்டே இங்கே வாங்குகிறவருக்கு, அந்த வீட்டில் அவருக்குள்ள பங்கின் மதிப்பு 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால், பழைய வசிப்பிடத்தை விற்று மாறுகிறவர் போன்ற விலக்குகள் பொருந்தாதபோது, 5 சதவீத மேல்வரி சேரும். கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் மற்றவரின் வீடு கணக்கிடப்படும்.

2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, 450,000 பவுண் வீட்டுக்கு முதன்முறை வாங்குகிறவர் செலுத்துவது 7,500 பவுண். சலுகை இல்லாதவருக்கு 12,500. மேல்வரியும் சேர்ந்தால் 35,000. ஊரில் உள்ள வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத கன்வேயன்சர் உங்களைத் தவறான வரிசையில் நிறுத்திவிட்டால், பின்னால் வரித்துறை வட்டியோடும் அபராதத்தோடும் கேட்பது உங்களிடம்தான். படிவத்தில் கூறப்பட்டவை உண்மை என்று உறுதி தருகிறவர் நீங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும். வேல்ஸில் இந்த வரியின் பெயரும் விகிதமும் வேறு.

பணம் வந்த வழி

கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் காரணமாக, வைப்புப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கன்வேயன்சர் ஆதாரத்தோடு தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளத்திலிருந்து சேர்த்தது என்றால் சில மாத வங்கிக் கணக்குப் பிரதிகள் போதும். நம் குடும்பங்களில் பணம் அவ்வளவு நேராக வருவதில்லை: சீட்டு எடுத்த பணம், நகை விற்ற பணம், கொழும்பிலிருந்து மாமா அனுப்பியது, திருமணத்துக்கு வந்த அன்பளிப்பு, சகோதரனிடம் கைமாற்றாக வாங்கியது என்று பல வழிகளில் சேரும். இவற்றில் எதுவும் குற்றமல்ல. ஆனால் தாளில் தடம் இல்லாத பணத்தை ஏற்க எந்த நிறுவனமும் தயங்கும், ரொக்கத்தைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள்.

எனவே அமர்த்தும் முன்பே பணத்தின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி, "இதற்கு என்ன ஆதாரம் கேட்பீர்கள்?" என்று விசாரிப்பது மிகுந்த பயன் தரும். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பை ஏற்கவே மறுக்கும் நிறுவனங்கள் உண்டு; அதை எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்துகொள்வதைப் போன்ற வேதனை வேறில்லை. அன்பளிப்பு என்று எழுதித் தருகிறவர் பின்னால் அதைக் கடன் என்று சொல்ல முடியாது என்பதையும், அன்பளிப்பு பற்றிய தகவல் வங்கிக்கும் தெரிவிக்கப்படும் என்பதையும் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ பெரும் தொகை போடுகிறார்கள் என்றால், வீடு யார் பெயரில், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கன்வேயன்சர் தானாகவே எடுத்துப் பேச வேண்டும். ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்று பதிந்தால் ஒருவர் இறந்ததும் அவருடைய உரிமை மற்றவருக்கே போய்ச் சேரும். உயில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. டெனன்ட்ஸ் இன் காமன் என்று பதிந்தால் ஒவ்வொருவர் பங்கும் தனி, அதை அவர் விருப்பப்படி எழுதி வைக்கலாம், பங்குகள் சமமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதை ஒரு பெட்டியில் அடையாளமிடச் சொல்லி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு விளக்கம் தராமல் இருப்பவரை நான் நல்ல கன்வேயன்சராகக் கருதமாட்டேன். பங்கு உறுதி ஆவணம் ஒன்றை எழுதி வைக்க ஆகும் சில நூறு பவுண், பின்னால் அண்ணன் தம்பி நீதிமன்றம் ஏறாமல் காக்கக்கூடியது.

வீட்டின் வகைக்கு ஏற்ற அனுபவம்

இங்கே விற்பனையாகும் எந்த வீட்டையும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவது 1990 டிசம்பர் 1 முதல் நாடு முழுவதும் கட்டாயம்; பதிவேட்டில் உள்ள உரிமைக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. அதனால் மூலப்பத்திரத்தைத் தேடி அலையும் கவலை இங்கே குறைவு. கன்வேயன்சரின் திறமை தெரிவது பதிவேட்டில் இல்லாதவற்றில்.

ஃபிளாட் வாங்குகிறவர்கள் லீஸ்ஹோல்ட் வேலையில் நிறைய அனுபவம் உள்ளவரையே தேட வேண்டும். லீஸில் மீதி 80 ஆண்டுக்குக் கீழே போனால் நீட்டிப்பதற்கான செலவு ஏறுகிறது, பல வங்கிகள் கடன் தரவும் தயங்குகின்றன. கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் கடந்த ஆண்டுகளில் எப்படி உயர்ந்தது, கூரை அல்லது மின்தூக்கி மாற்றும் பெரிய வேலைக்கு அறிவிப்பு வந்திருக்கிறதா, நில உரிமையாளருக்குச் செலுத்தும் கிரவுண்ட் ரென்ட் காலப்போக்கில் இரட்டிப்பாகிறதா என்பதை அவர் ஆவணத்திலிருந்து எடுத்து உங்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும். உயரமான கட்டடம் என்றால் 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் சம்பந்தப்படும். ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கோப்பையே ஏற்காத நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டடத்தின் பெயரையும் உயரத்தையும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

தனி வீடுகளில் பிரச்சினை பெரும்பாலும் பின்புறம் நீட்டிக் கட்டிய அறையிலும் மாடிக்கு மேல் எழுப்பிய அறையிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் இருக்கிறது. கவுன்சில் அனுமதியும் கட்டட விதிச் சான்றிதழும் இரண்டு வெவ்வேறு காகிதங்கள்; ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போவது சகஜம். காகிதம் இல்லாதபோது சில கன்வேயன்சர்கள் உடனே காப்புறுதி எடுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் காப்புறுதி கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்குத்தான். சுவர் உறுதியாக இருக்கிறதா என்பதற்கு அது பதில் ஆகாது. அதற்கு நீங்கள் தனியாக ஒரு சர்வேயரை அமர்த்த வேண்டும், வீட்டை நேரில் பார்ப்பது கன்வேயன்சரின் வேலை அல்ல. இன்னொரு எச்சரிக்கை: கன்வேயன்சரைக் கேட்காமல் நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசியில் பேசி அனுமதி பற்றி விசாரித்துவிட்டால், அந்தக் காப்புறுதியே கிடைக்காமல் போகலாம்.

ஏலத்தில் வாங்குகிறவர்கள் ஏலத்துக்கு முன்பே ஒருவரை அமர்த்திச் சட்ட ஆவணத் தொகுப்பைப் படிக்கச் செய்ய வேண்டும். சுத்தியல் விழுந்த கணமே ஒப்பந்தம் முடிந்துவிட்டது; 10 சதவீதம் அன்றே செலுத்தி, பெரும்பாலும் 28 நாளில் மீதியைக் கட்ட வேண்டும்.

விற்கிறவர்களுக்கு

விற்கிறவர்கள் வாங்க ஆள் வந்தபின் கன்வேயன்சரைத் தேடுகிறார்கள். வீட்டை விளம்பரத்துக்குக் கொடுக்கும் நாளிலேயே அமர்த்தினால், வீட்டு விவரப் படிவமான டி.ஏ.6, வீட்டோடு விட்டுச்செல்லும் பொருள்களுக்கான டி.ஏ.10 ஆகியவற்றை நிதானமாக நிரப்பி வைக்கலாம். ஃபிளாட் என்றால், நிர்வாக நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய தகவல் தொகுப்புக்கு அப்போதே விண்ணப்பிக்கலாம். அந்தத் தொகுப்பு வாரக்கணக்கில் தாமதமாகி விற்பனையே முறிந்துபோவதுண்டு. 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய ஜன்னல்களுக்கான ஃபென்சா சான்றிதழ், கொதிகலன் பொருத்திய சான்றிதழ், நீட்டிக் கட்டியதற்கான காகிதங்கள் அனைத்தையும் சேர்த்து வைப்பதும் இந்தக் காலத்தில்தான். படிவத்தில் அண்டை வீட்டாரோடு உள்ள தகராறை மறைத்தால், வாங்கியவர் பின்னால் நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியும். "தெரியாது" என்று எழுதலாமா, விவரமாக எழுத வேண்டுமா என்று உங்களோடு உட்கார்ந்து யோசிக்கும் கன்வேயன்சரே விற்கிறவருக்கு வேண்டியவர்.

அமர்த்திய பிறகு

நிறுவனத்தின் வங்கிக் கணக்கு விவரத்தைத் தொடக்கத்திலேயே, முடிந்தால் நேரில் போய், எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலைக் கைப்பற்றிய திருடர்கள், பணம் அனுப்பும் நாளில், "எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று அதே நிறுவனத்தின் பெயரில் எழுதுவது இந்நாட்டில் பல குடும்பங்களின் சேமிப்பை அழித்திருக்கிறது. அப்படி ஒரு கடிதம் வந்தால் அதில் உள்ள எண்ணுக்கு அல்ல, முன்பே உங்களிடம் உள்ள எண்ணுக்குப் பேசிக் கேளுங்கள். முதலில் சிறு தொகையை அனுப்பி, அது வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு மீதியை அனுப்புவது நல்ல பழக்கம்.

எக்ஸ்சேஞ்சுக்கு முன் வீட்டைப் பற்றிய அறிக்கை ஒன்றை உங்கள் கன்வேயன்சர் எழுதி அனுப்புவார். அதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் முடிந்தபின் விலகினால் வழக்கமாக 10 சதவீத வைப்புப் பணத்தை இழக்க நேரும். புரியாத இடங்களைக் குறித்து அனுப்புங்கள். அவசரம் என்று சொல்லி விளக்கம் தர மறுப்பாரானால் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

வேலையில் குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். எட்டு வாரத்தில் திருப்தியான பதில் வராவிட்டால், சட்டச் சேவை பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் செல்ல வேண்டும் என்பதால் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

சாவி கைக்கு வந்ததோடு கன்வேயன்சரின் பொறுப்பு முடிவதில்லை. ஸ்டாம்ப் டியூட்டிப் படிவத்தை 14 நாளுக்குள் அனுப்பி வரியைச் செலுத்துவதும், உங்கள் பெயரை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவதும் அவர் செய்ய வேண்டியவை. பதிவு முடியப் பல மாதங்கள் ஆகலாம். பதிவேட்டின் பிரதி வந்ததும் பெயர்களின் எழுத்து, முகவரி, பங்கு முறை ஆகியவை நீங்கள் சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். டெனன்ட்ஸ் இன் காமன் என்று சொல்லியிருந்தால், அதற்கான கட்டுப்பாட்டுக் குறிப்பு பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே கன்வேயன்சருக்கு எழுதுங்கள். பிறகு லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இலவச எச்சரிக்கைச் சேவையில் வீட்டின் முகவரியைப் பதிந்துவிட்டால், யாராவது அந்த வீட்டின் பேரில் விண்ணப்பம் செய்யும்போது உங்களுக்கு மின்னஞ்சல் வரும்.